மறைந்த அரங்கு: 1960ஆம் ஆண்டுகளின் பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகமும் கதம்ப நிகழ்ச்சியும்

நாடகம் என்பது காண்போர் முன்னிலையில் நடிப்போர் நிகழ்த்தும் கலை என்றே நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வந்தது. ஆடுவோர்க்கென ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கினை வகுத்துரைத்த சிலப்பதிகார அரங்கேற்று காதை, அவ்வரங்கின் எதிரே அமர்ந்திருக்கும் அவையையும் உடன்வைத்தே எண்ணியது. சினிமா வந்து அவ்வவையினை இருளில் இருத்தியது. ஆயினும் அவை அவையாகவே இருந்தது. தொலைக்காட்சியோ அவையைக் கலைத்துவிட்டது. ஒரு வீட்டுக் கூடத்தில் மூவரோ நால்வரோ இருந்து காண்பர். அவர்களைப் போலவே வேறு இலட்சக்கணக்கான கூடங்களிலும் அதே இரவில், அதே கணத்தில் காண்பர். ஒருவர் சிரிப்பது மற்றவர்க்குக் கேளாது. இத்தகைய புதுநிலைமைக்கு ஏற்ற நாடகம் எது என்னும் வினாவுக்குப் பெருந்துணிவுடன் விடை தேடிய காலமும் இடமும் 1960ஆம் ஆண்டுகளின் பிரித்தானியா ஆகும்.

அக்காலத்து நாடகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வரலாற்றையே சொல்லி வருகின்றனர். கலையகத்தினுள்ளே அட்டைச் சுவர்களுக்கிடையில் நிகழ்த்தப்பட்ட நாடகங்கள் அக்கலையின் குழந்தைப் பருவம் எனவும், கமராவைத் தெருவுக்குக் கொண்டு சென்று படச்சுருளில் எடுத்தவையே அதன் முதிர்ச்சி எனவும், 1966ஆம் ஆண்டில் ஒளிபரப்பப்பட்ட 'கேத்தி கம் ஹோம்' அம்முதிர்ச்சியின் கொடுமுடி எனவும் அவ்வரலாறு கூறும். கேட்பதற்கு ஒழுங்காக இருப்பினும் இவ்வரலாறு முழுமையும் உண்மையன்று. கலையக நாடகம் தன் இடர்ப்பாடுகளிலிருந்தே தனக்குரிய ஓர் இலக்கணத்தைக் கண்டுகொண்டது. அவ்விலக்கணத்தை இன்று பலர் காணாதிருப்பதற்கு அது தாழ்ந்தது என்பது காரணமன்று. அதற்குச் சான்றாக நின்றவற்றுட் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது என்பதே காரணம்.

முதலில் அக்கலையகத்தின் நிலையை அறிதல் வேண்டும். பி.பி.ஸி. தனியொரு நிறுவனமாக நடத்திவந்த தொலைக்காட்சிக்குப் போட்டியாக, விளம்பர வருவாயைக் கொண்டு நடக்கும் ஐ.ரி.வி. 1955ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தோன்றியது. 1964ஆம் ஆண்டு ஏப்ரிலில் பி.பி.ஸி.யின் இரண்டாவது அலைவரிசை தொடங்கும்வரை காண்போர்க்கு இருந்த தெரிவு இரண்டே. படம் 405 வரிகளால் ஆனது; கறுப்பும் வெள்ளையும் மட்டுமே; பெட்டியோ சிறியது. தொலைவிலுள்ள மலையும் பெருந்திரளான கூட்டமும் அச்சிறு பரப்பிலே புள்ளிகளாகிவிடும். தெளிவாகத் தோன்றக்கூடியது ஒன்றே. அது மனித முகம். நடிகர் சில கிழமைகள் ஒரு மண்டபத்திற் பயின்றபின் கலையகத்துக்கு வந்து, தொடக்கம் முதல் இறுதி வரை நாடகத்தை இடைவிடாது நடித்தனர். ஒரு காட்சியில் வீட்டினுள் இருந்தவர் அடுத்த காட்சிக்காகக் கமராக்களின் பின்னால் ஓசையின்றி ஓடிச்சென்று, அங்கே தெருவில் நிற்பவராகத் தோன்றுவார். 1958ஆம் ஆண்டு நவம்பரில் 'அண்டர்கிறவுண்ட்' என்னும் நாடகம் நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தவேளை, கரெத் ஜோன்ஸ் என்னும் இளநடிகர் இரு காட்சிகளுக்கு இடையில் வீழ்ந்து இறந்தார். எஞ்சிய நடிகர் அவருடைய உரைகளைத் தமக்குள்ளே பகிர்ந்தும் மாற்றியும் நாடகத்தை முடித்தனர் என்பது அக்கலையின் கொடூரமான ஒருபுறத்தைக் காட்டும்.

ஒளிப்பதிவு நாடா 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமாகி, 1958 முதல் பி.பி.ஸி.யிலும் பயன்படலாயிற்று. அது வந்ததும் இந்நிலை மாறியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டு அங்குல அகலமுள்ள அந்நாடா விலையுயர்ந்தது. அதனை வெட்டி ஒட்டுவதோ அலகு கொண்டு கையாற் செய்யவேண்டிய நுண்பணி. வெட்டிய நாடாவை மறுபடி பயன்படுத்துவதும் அரிது. ஆகவே பதிவு செய்யப்பட்ட நாடகமும் நேரடி நாடகம் போன்றே நீண்ட தொடர்ச்சியாக நடிக்கப்பட்டது. இதனாற் சினிமா நடிகர்க்கு வாய்க்காத ஒன்று இந்நடிகர்க்கு வாய்த்தது. ஓர் உணர்ச்சி தோன்றி, வளர்ந்து, திரிந்து, அடங்கும் முழுக்காலத்தையும் அவர் தம் உடம்பிலேயே தாங்கவேண்டியிருந்தது. மேடை நடிகர்க்கும் இது உண்டு. ஆனால் மேடை நடிகரின் கண்ணிமை அசைவதைப் பின்வரிசையில் இருப்பவர் காணார்.

உள்ளத்து நிகழ்வது பிறர்க்குப் புலனாகுமாறு உடம்பின்கண் தோன்றுவதனை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை முதலாக உவகை ஈறாக அவர் கூறிய எட்டும், காண்போர் அண்மையில் நின்று கண்டாலன்றி முழுதும் விளங்கா. கண்ணீரை மேடையிற் காட்டலாம். கண்ணீர் வருமுன் அதனை அடக்க முயலும் ஒருவனின் தாடையசைவைக் காட்டல் இயலாது. கலையகக் கமராவின் அண்மைக் காட்சி செய்தது இதனையே. மெய்ப்பாட்டினை அகத்திணைச் செய்யுளில் மட்டுமே கண்டு பழகியோர்க்கு, அதனை நாடகத்தின் உயிராகக் கொண்ட ஒரு வடிவம் இங்கே தோன்றிற்று எனலாம்.

இவ்வடிவத்தின் திறம் முதன்முதலில் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது ஏ.பி.ஸி. என்னும் சுயாதீன நிறுவனம் நடத்திய 'ஆம்செயார் தியேற்றர்' என்னும் நாடக வரிசையிலாகும். நாற்காலியில் அமர்ந்தபடி காணும் அரங்கு என்பது அப்பெயரின் கருத்து. 1958 முதல் இவ்வரிசைக்குப் பொறுப்பாயிருந்தவர் சிட்னி நியூமன் என்னும் கனடா நாட்டவர். மேட்டுக்குடியினரின் வரவேற்பறைகளையே சுற்றிவந்த ஆங்கில நாடகத்தைத் தொழிலாளர் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் திருப்பியவர் அவர். அலன் ஓவென் போன்றோர் எழுதிய நாடகங்கள் வடஇங்கிலாந்தின் பேச்சு மொழியை நாடெங்கும் கேட்பித்தன. இவை பற்றி விரித்துரைக்க இடமுண்டு. எனினும் வடிவத்தின் நுட்பத்தை அறிய ஹரோல்ட் பின்ரரின் 'ஏ நைற் அவுட்' ஒன்றே போதும்.

1960ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள், ஞாயிறு இரவு, இந்நாடகம் ஒளிபரப்பாயிற்று. நெறியாளர் பிலிப் சவில். கதை மிகச் சிறியது. அல்பேர்ட் என்னும் இளைஞன் தன் தாயுடன் வாழ்கிறான். அவன் அலுவலக விருந்தொன்றுக்குச் செல்ல ஆயத்தமாகிறான். தாயோ அவனைப் போகவிடாது ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். விருந்திலே தான் செய்யாத ஒரு தவறுக்காக அவமதிக்கப்பட்டுத் திரும்புகிறான். தாய் மறுபடியும் தொடங்குகிறாள். அவன் மணிக்கூடு ஒன்றைக் கையில் எடுத்து ஓங்குகிறான், காட்சி மாறுகிறது. தெருவிற் சந்தித்த பெண்ணொருத்தியின் அறைக்குச் சென்று, தாய்மீது காட்டமுடியாத சினத்தையெல்லாம் அவள்மீது காட்டிவிட்டு வீடு திரும்பும்போது, தாய் உயிரோடு இருந்து அதே குரலிற் பேசத் தொடங்குகிறாள்.

தாய் பேசும்போது கமரா எவரை நோக்கவேண்டும் என்பதே இந்நாடகத்தின் உயிர்நிலை. மேடையாயின் காண்போர் பேசுபவரையே நோக்குவர். இங்கோ தாயின் குரல் கேட்டுக்கொண்டிருக்க, கேட்பவனின் முகமே நாடகமாகிறது. ரொம் பெல் நடித்த அம்முகத்தில் இளிவரல் வெகுளியாகத் திரியும் வழி, சொல்லின் உதவியின்றியே தெரிகிறது. அவள் சொல்வனவெல்லாம் அன்பின் சொற்கள். அவன் முகமோ சிறைப்பட்டவனின் முகம். சொல் ஒன்றாகவும் மெய்ப்பாடு பிறிதொன்றாகவும் நிற்கும் இவ்விடத்தைப் பின்ரரின் மேடை நாடகங்களை விட இந்நாடகம் தெளிவாகக் காட்டுகிறது என்றே கூறவேண்டும். அவருடைய 'த கெயார்ரேக்கர்' மூன்று நாள் கழித்து இலண்டன் மேடையேறி உலகப்புகழ் பெற்றது. எனினும் 'ஏ நைற் அவுட்' நாடகத்தை அந்த ஓர் இரவிலே கண்டோர் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கொன்றிற் கிழமைக்கு ஆறு இரவு, ஓர் இருக்கையும் வெறிதாகாது நடித்தாலும், அத்தொகையினர் கண்டு முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேண்டும்.

அத்துணை பேர் எவ்வாறு வந்தனர் என்பதும் கவனிக்கற்பாலது. 'ஆம்செயார் தியேற்றர்' ஞாயிறு இரவுகளிற் பெரிதும் 'சண்டே நைற் அற் த லண்டன் பலேடியம்' என்னும் கதம்ப நிகழ்ச்சியை அடுத்தே இடம்பெற்றது. ஆட்டமகளிரையும் பாடகரையும் விகடகவிகளையும் காண அமர்ந்தோர், எழுந்துபோக மனமின்றி அமர்ந்தபடியே பின்ரரைக் கண்டனர். தெரிந்தெடுத்து வந்த அவையன்று. தற்செயலாக அமைந்த அவை. இதனால் நாடகாசிரியர்க்கு வந்த ஊதியம் பெரிது: கேட்க விரும்பாதவர்க்கும் விளங்கும்படி, ஆனால் அவர்க்காகத் தாழாதபடி எழுதவேண்டிய கட்டாயம் பிறந்தது. நாடகமும் கதம்ப நிகழ்ச்சியும் பகைமை பூண்டவை என்று கருதும் திறனாய்வாளர், ஒன்று மற்றதற்கு அவையைச் சேர்த்துக் கொடுத்ததை மறந்துவிடுகின்றனர்.

அக்கதம்ப நிகழ்ச்சியோ தன்னளவில் ஒரு பழம்பொருளே. 1955 முதல் பலேடியம் அரங்கிலிருந்து அது ஒளிபரப்பப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசைமண்டபத்தில் இருந்த ஒழுங்கு அப்படியே பேணப்பட்டது. கமரா நல்ல இருக்கையொன்றைப் பெற்ற பார்வையாளரேயன்றி வேறில்லை. இறுதியிற் கலைஞர் அனைவரும் சுழலும் மேடையில் நின்று கையசைத்து விடைபெறுவர். 1963ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பீற்றில்ஸ் குழுவினர் அங்கே தோன்றி நாடு முழுவதும் அறியப்பட்டனர்; 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரோ அச்சுழல்மேடையில் ஏற மறுத்தனர். அவ்வாண்டுடன் அதன் கிழமைதோறுமான ஒளிபரப்பும் நின்றது. மறுப்பினால் நின்றதன்று, ஆயினும் அவ்வடிவம் இளைஞர்க்கு அந்நியமாகிவிட்டதை அம்மறுப்புக் காட்டிற்று.

பழமையைப் பேணுவதில் உள்ள குற்றம் சலிப்பு மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி.ஸி.யின் 'பிளாக் அண்ட் வைற் மின்ஸ்ரல் ஷோ' வேறு வகையைச் சார்ந்தது. வெள்ளையர் முகத்திற் கரிபூசி, அமெரிக்க நீக்ரோவர் போல வேடந்தாங்கிப் பாடும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கினை அது அப்படியே வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. 1961ஆம் ஆண்டில் மொன்றூ விழாவின் தங்க ரோசாப் பரிசும் இதற்குக் கிடைத்தது. 1967ஆம் ஆண்டில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்தினர் இதனை நிறுத்துமாறு விண்ணப்பித்தனர். நிறுத்தப்பட்டதோ 1978ஆம் ஆண்டில். இசை இனிது, அமைப்பு நேர்த்தி, தீங்கு கருதியதன்று என்றெல்லாம் அக்காலத்தில் விடை கூறப்பட்டது. மேடையில் தொலைவில் நின்றபோது முகமூடியாகத் தோன்றக்கூடிய அக்கரிப்பூச்சு, கமரா நெருங்கியபோது வெறும் ஏளனமாகவே தெரிந்தது. கமரா எதனை வெளிப்படுத்துகிறது என்பதை அறியாத தயாரிப்பாளரின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. எத்தனை நேர்த்தியும் இதனை மறைக்காது.

கதம்ப நிகழ்ச்சி தனக்குரிய புதுவடிவத்தைக் கண்ட இடங்களும் உள. 1962ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1963ஆம் ஆண்டு திசெம்பர் வரை நடந்த 'தற் வோஸ் த வீக் தற் வோஸ்' என்னும் அங்கத நிகழ்ச்சி, கலையகத்தை மறைக்காமற் காட்டியது. கமராக்களும் அவற்றை இயக்குவோரும் காண்போர் கண்முன் தோன்றினர். மில்லிசென்ற் மார்ட்டின் அக்கிழமைச் செய்திகளைப் பாட்டாகப் பாடித் தொடங்க, டேவிட் பிரொஸ்ற் முதலியோர் அமைச்சர்களையும் ஆயர்களையும் பெயர் சொல்லியே எள்ளினர். இங்கே கமரா இருக்கையில் அமர்ந்திருக்கும் விருந்தினர் அன்று. நிகழ்ச்சியில் தானும் ஒரு பங்காளி. 1964 தேர்தல் ஆண்டு என்பதால் நடுநிலை குன்றும் என அஞ்சிப் பி.பி.ஸி. அதனை நிறுத்திற்று. நிறுத்தவேண்டியிருந்தது என்பதே அதன் திறத்துக்குச் சான்று.

நாடகத்துக்கும் கதம்பத்துக்கும் நடுவே நின்றது ரே கோல்ற்றன், அலன் சிம்ஸன் இருவரும் எழுதிய நகைச்சுவை. ரொனி ஹன்கொக் என்னும் விகடநடிகர்க்காக எழுதிவந்த இவ்விருவரும், 1962ஆம் ஆண்டில் 'ஸ்ரெப்ரோ அண்ட் சன்' நாடகத்தைத் தொடங்கியபோது விகடநடிகரை விட்டு மேடை நடிகரை நாடினர். பழைய இரும்பு சேர்க்கும் தந்தையும், அவரை விட்டுப் போக விரும்பியும் போகமுடியாத மகனும் ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடக்கின்றனர். உற்றுநோக்கின் இது பின்ரரின் அல்பேர்ட்டும் தாயும் வாழும் அதே வீடே. அங்கே அச்சமாக நின்றது இங்கே நகையாகின்றது. பொதுமக்கள் இதனை எவ்வளவு விரும்பினர் என்பதற்கு ஒரு செய்தி: 1964ஆம் ஆண்டுத் தேர்தல் நாளன்று மாலை இந்நாடகம் ஒளிபரப்பாக இருந்தமையால், தம் ஆதரவாளர் வாக்களிக்கச் செல்லாது வீட்டிலேயே இருந்துவிடுவர் என அஞ்சிய ஹரோல்ட் வில்சன், நேரத்தை மாற்றுமாறு பி.பி.ஸி.யை வேண்டினார். அவ்வாறே மாற்றவும் பட்டது.

அதே ஆண்டில் கலையக நாடகத்துக்கு எதிரான வலிய குரல் எழுந்தது. அதனை எழுப்பியவர் வெளியாரல்லர். 1962ஆம் ஆண்டில் 'ஸீ கார்ஸ்' என்னும் பொலிஸ் நாடக வரிசையைத் தோற்றுவித்த ரோய் கெனடி மார்ட்டினே. 'என்கோர்' என்னும் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, தொலைக்காட்சி நாடகம் மேடையின் அடிமையாய் இருக்கிறது என்றது. பேசும் முகங்களை மாறிமாறிக் காட்டுவதே அதன் தொழிலாகிவிட்டது. கதை உரையாடலால் நகர்கிறதேயன்றிப் படத்தால் நகரவில்லை. கடிகாரம் காட்டும் காலத்திலிருந்து நாடகம் விடுபடவேண்டும் என்பன அவர் வாதங்கள். கட்டுரை கூர்மையானது, மூன்றாந்தர நாடகங்கள் பலவற்றுக்கு அது முற்றும் பொருந்தும். எனினும் பேசும் முகம், கேட்கும் முகம் என்னும் வேறுபாட்டினை அவர் நோக்கவில்லை. பேசும் முகத்தைக் காட்டுதல் மேடையின் வழக்கு; கேட்கும் முகத்தைக் காட்டுதல் தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பு. முன்னதன் குற்றத்துக்குப் பின்னதையும் சேர்த்துத் தண்டித்தல் நீதியன்று.

கெனடி மார்ட்டின் வேண்டிய விடுதலையைக் கலையகத்தை விட்டு நீங்காமலே பெறலாம் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டெனிஸ் பொற்றரின் 'ஸ்ராண்ட் அப், நைஜல் பார்ட்டன்'. பி.பி.ஸி. நாடகப் பகுதிக்குத் தலைவராக 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த நியூமன், 1964ஆம் ஆண்டில் 'வெட்னஸ்டே பிளே' என்னும் புதன்கிழமை நாடக வரிசையைத் தொடக்கி வைத்தார். அதில் 1965ஆம் ஆண்டு திசெம்பரில் இந்நாடகம் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகனான நைஜல் கல்வியால் உயர்ந்து ஒக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தை அடைகிறான். அவனுடைய பள்ளிப் பருவக் காட்சிகளில் மாணவராக நடிப்போர் குழந்தைகளல்லர். வளர்ந்த நடிகரே சிறுவர் வாங்குகளில் அமர்ந்து சிறுவர்போல் நடிக்கின்றனர். முதலிற் சிரிப்பை விளைக்கும் இவ்வுத்தி சிறிது நேரத்தில் அச்சத்தை விளைக்கிறது. வகுப்பறையில் வைத்திருந்த பூவொன்றைக் கெடுத்துவிட்டு, அப்பழியை அறிவு குறைந்த தோழன்மீது சுமத்தி, ஆசிரியையின் பாராட்டைப் பெறும் நைஜலிடம் வளர்ந்தவனின் சூழ்ச்சி முழுதும் அப்போதே இருந்தது என்பதனை வளர்ந்த முகமே உணர்த்துகிறது. கெட்டிக்கார மாணவனை மற்றவர்க்கு எதிராக நிறுத்திப் பாராட்டும் ஆசிரியர் எவரும் இக்காட்சியை அமைதியுடன் காணல் அரிது.

நாடகத்தின் உச்சம் இதனினும் நுட்பமானது. வர்க்க வேறுபாடு பற்றித் தொலைக்காட்சியிற் பேசும் வாய்ப்பு நைஜலுக்குக் கிடைக்கிறது. தன் வீட்டில் தனக்கு நேரும் அந்நியத்தைப் பற்றி அவன் மிக அழகாகப் பேசுகிறான். அதனை வீட்டிலிருந்தே அவனுடைய தந்தையும் தாயும் காண்கின்றனர். மகன் தங்களைப் பற்றி நாட்டுக்கு உரைப்பதைக் கேட்கும் அவ்விரு முகங்களில், பெருமிதம் இளிவரலாக மாறும் கணம் இருக்கிறதே, அதனை மேடையாலும் காட்டமுடியாது. சினிமாவாலும் முழுதும் காட்டமுடியாது. கூடத்தில் அமர்ந்து பெட்டியை நோக்கும் பெற்றோரைக் கூடத்தில் அமர்ந்து பெட்டியை நோக்கும் பெற்றோரே கண்டனர். இக்காட்சி தொலைக்காட்சியில் அல்லாது வேறெங்கும் தன் முழுப்பொருளைப் பெறாது. கேட்கும் முகத்தின் இலக்கணம் தன் எல்லையைத் தொட்ட இடம் இது.

இனி 'கேத்தி கம் ஹோம்' பற்றிக் கூறலாம். ஜெரமி சான்ட்போர்ட் எழுத, கென் லோச் நெறிப்படுத்த, ரொனி கார்னெற் தயாரித்த இந்நாடகம் 1966ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. மிகப் பெரும்பகுதி 16 மில்லிமீற்றர் படச்சுருளில் தெருக்களிலும் உண்மையான வீடுகளிலும் எடுக்கப்பட்டது. மணமாகி நம்பிக்கையுடன் வாழத் தொடங்கிய கேத்தியும் ரெஜ்ஜும் விபத்து, வேலையின்மை, வாடகை என்பவற்றால் ஒவ்வொரு படியாக இறங்கி, இறுதியில் ஆடவர்க்கு இடமில்லாத விடுதியினாற் பிரிக்கப்படுகின்றனர். புகையிரத நிலையமொன்றிற் கேத்தியிடமிருந்து பிள்ளைகள் பறித்துச் செல்லப்படுவதோடு நாடகம் முடிகிறது. ஏறத்தாழ 120 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். வீடற்றோர்க்கான 'ஷெல்ற்றர்' என்னும் நிறுவனம் அடுத்த மாதமே தொடங்கியமையால், நாடகமே அதனைப் பெற்றெடுத்தது என்று பலர் எழுதுவர். நிறுவனத்தின் தொடக்கம் முன்னரே திட்டமிடப்பட்டிருந்தது. நாடகம் அதற்கு ஆதரவு பெருக்கியது என்பதே சரி. வீடற்றோர்க்கு இடமளிப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கிய சட்டம் 1977ஆம் ஆண்டிலேதான் வந்தது.

நாடகத்தின் அறச்சீற்றத்தை ஐயுறுவார் இலர். கேட்கவேண்டியது, கலையாக அது எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்பதே. கூட்டம் நிறைந்த குடியிருப்புகளின் இரைச்சலும், அங்கு வாழ்வோரின் உண்மைக் குரல்களும், எண்களை எடுத்துரைக்கும் பின்னணி உரையும் கேத்தியைத் தனியொருத்தியாக விடாது பல்லாயிரவரின் பிரதிநிதியாக்குகின்றன. இது பெற்றது. அவ்வாறு ஆகும்போதே அவள் தனக்கேயுரிய மனத்தை இழக்கத் தொடங்குகிறாள். அவள் செய்வதை விட அவளுக்குச் செய்யப்படுவதே மிகுதி. காண்போர் உணரவேண்டியதைப் பின்னணிக் குரல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அக்குரல் ஓய்ந்து, புகையிரத நிலையத்திற் கரோல் வைற்றின் முகம் மட்டும் எஞ்சும்போதே நாடகம் தன் உச்சத்தை அடைகிறது. தெருவெல்லாம் சுற்றிவந்த கமரா இறுதியிற் கலையக நாடகத்தின் பழைய இலக்கணத்துக்கே மீள்கிறது. இதனைக் கொடுமுடி என்போர் அவ்வழி வந்ததை நோக்கினாரில்லை.

பீற்றர் வாட்கின்ஸின் 'த வோர் கேம்' அணுக்குண்டுத் தாக்குதலைச் செய்திப்படம் போலவே காட்டியமையால் 1965இல் ஆக்கப்பட்டும் 1985 வரை பி.பி.ஸி.யில் ஒளிபரப்பப்படாது போயிற்று. அது திரையரங்குகளுக்குச் சென்று, செய்திப்படத்துக்கான அமெரிக்க அக்கடமிப் பரிசினைப் பெற்றது. படச்சுருளில் ஆனதால், மறுக்கப்பட்டும் அது வாழ்ந்தது.

ஏற்கப்பட்டவை வாழவில்லை. ஒளிப்பதிவு நாடாவை அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதியலாம். படச்சுருளில் அது முடியாது. நடிகர் சங்கத்துடனும் இசைவாணர் சங்கத்துடனும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் மறு ஒளிபரப்பினை வரையறுத்தன. 1967ஆம் ஆண்டு யூலையில் பி.பி.ஸி.யின் இரண்டாவது அலைவரிசையிலும், 1969ஆம் ஆண்டு நவம்பரில் மற்றைய இரண்டிலும் வர்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளைப் பதிவுகளைக் காண்பார் இலர் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். பத்திரிகை போல அன்றன்று கழிவது தொலைக்காட்சி என்பது அவர் எண்ணம். பி.பி.ஸி. தன் படங்களுக்கும் நாடாக்களுக்குமென முறையான காப்பகத்தை அமைத்தது 1978ஆம் ஆண்டிலாகும். அதற்குள் புதன்கிழமை நாடகங்கள் பல ஒழிந்தன. 'ஆம்செயார் தியேற்றர்' நாடகங்களும் பல ஒழிந்தன. அலன் பெனெற் 1966இல் நடத்திய 'ஒன் த மார்ஜின்' என்னும் அங்கத வரிசையின் படப்பதிவு ஒன்றேனும் எஞ்சவில்லை. பீற்றர் குக், டட்லி மூர் இருவரின் 'நொற் ஒன்லி பற் ஓல்ஸோ' நிகழ்ச்சி நாடாக்களைக் குக் தம் பணத்தினால் வாங்கிக்கொள்ள முன்வந்தும் பயன் விளையவில்லை. கலையகம் இழந்தது மிகுதி; படச்சுருள் இழந்தது குறைவு. எஞ்சியதை மட்டும் அளந்து, எஞ்சியதே சிறந்தது எனத் தீர்ப்பளித்தல், வெள்ளம் கொண்டுபோன வயல்களில் விளைவே இருந்ததில்லை என்பது போலாகும்.

தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலேயே வந்த ஈழத்தில், இந்நாடகங்களை ஒளிபரப்பான காலத்திற் காணும் வாய்ப்பு எவர்க்கும் இருக்கவில்லை. பின்ரருடையதும் பொற்றருடையதும் போன்று அச்சேறியவை சில, ஆங்கில இலக்கியம் பயில்வோர் கைக்கு நூல்களாக எட்டக்கூடியனவாயின. நூலிலே பேசுபவரின் சொல் உண்டு. கேட்பவரின் முகம் இல்லை. எனவே படிப்போர் அவற்றை மெலிந்த மேடை நாடகங்கள் என்று கருதியிருப்பின் அது வியப்பன்று. கலையக நாடகத்தின் பிரதி இசைப்பாட்டின் ஏட்டைப் போன்றது; பண் அறிந்தவர்க்கே அது முழுதும் பேசும்.

பிலிப் சவில் 'ஏ நைற் அவுட்' நாடகத்துக்கு மூன்று ஆண்டுகள் பின்னர், 1963ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், பி.பி.ஸி.யில் நெறிப்படுத்திய 'மட்ஹவுஸ் ஒன் காஸில் ஸ்ரீற்' என்னும் நாடகத்தை யமெய்க்காவிற் பிறந்த எவன் ஜோன்ஸ் எழுதினார். விடுதியொன்றிற் குடியிருக்கும் ஒருவன் உலகை வெறுத்துத் தன் அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறான். வெளியே நிற்போர் அவன் முகத்தைக் காணாமலே அவனைப் பற்றிப் பேசுகின்றனர். அதில் நடிக்க அழைக்கப்பட்ட பொப் டிலனுக்கு அப்போது வயது 21. உரையாடலைச் சொல்ல அவர்க்கு இயலாமற் போகவே அவ்வேடம் டேவிட் வோர்னருக்கு அளிக்கப்பட்டது. டிலன் பாடல்களை மட்டும் பாடினார். 1968ஆம் ஆண்டில் அந்நாடா அழிக்கப்பட்டது. ஒளிபரப்பு நாளன்று தம் வீட்டில் ஒலிநாடாக் கருவியை இயக்கிய நேயர் சிலரின் முயற்சியால் பாடல்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பூட்டிய கதவின் வெளியே நின்றோர் முகங்களைச் சவிலின் கமரா எவ்வாறு நோக்கிற்று என்பதற்குப் படச்சான்று இல்லை.